சுறாவின் மேல் புள்ளடி

எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. செத்தவர்களைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாது என்பார்கள். அவர் செத்துவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. உயிரோடு இருந்தால் இந்த நேரம் யாரையாவது மறித்து வைத்து எதையாவது விளங்கப்படுத்திக்கொண்டிருப்பார்.

விளங்கப்படுத்துவதுதான் அவருக்குத் தொழில், பொழுதுபோக்கு, நோய் எல்லாம். தனக்கு முன்னால் நிற்கிற ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்ற முடிவோடுதான் வாயையே திறப்பார். எண்பதுகளில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் இருந்த தமிழர் எல்லோரையும் ஒரு சின்ன மண்டபத்துக்குள் இருத்திவிடலாம். அதனால் அவரிடமிருந்து தப்பி ஒளிக்க இடமும் இருக்கவில்லை.

நாங்கள் மவுண்ட் ரோஸ்கிலில் வாடகை வீட்டில் இருந்தோம். அவர் பக்குரங்காவில் சொந்த வீடு வாங்கியிருந்தார். என் கணவருக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக வந்தார். அந்தக் காலத்து ஆக்லாந்து உத்தியோகத்தர் உடுப்பு: அரைக் காற்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை, அதற்கு மேல் ஒரு டை. வந்து இருந்ததும் சுவரில் இருந்த பிளக்கைக் கண்டுவிட்டார்.

"தம்பி, உதுக்குள்ளை மூண்டு கம்பி இருக்கு. ஒண்டு கரண்டைக் கொண்டு வரும், ஒண்டு திருப்பிக் கொண்டு போகும். மற்றது நிலத்துக்குப் போறது. விளங்குதோ?"

"ஓம் அண்ணை," என்றார் என் கணவர்.

என் கணவர் எலெக்ட்ரிஷியன். ஊரிலும் அதே வேலை, இங்கே வந்தும் மறுபடி பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தவர். அது அந்த மனிதருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் தேத்தண்ணி ஆறுகிற வரைக்கும் மூன்றாவது கம்பியைப் பற்றி விளங்கப்படுத்தினார். அவர் போனதும் நான் சீறி விழுந்தேன்.

"நீங்கள் ஏனப்பா வாயிலை கொழுக்கட்டை வைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

"அந்தாள் ஆசையாச் சொல்லுது. விடு."

ஆசையாம். எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஊரிலே கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் கந்தோரில், பெரிய உத்தியோகம் பார்த்தவர் என்பதால் அவருக்கு 'சேர்' என்று கூப்பிட்டால்தான் முகம் மலரும். நான் வேண்டுமென்றே 'அண்ணை' என்பேன்.

டெய்ரி என்று இங்கே சொல்கிற தெருமுனைச் சில்லறைக் கடை எங்களுக்கும் ஒன்று இருந்தது; அந்த டெய்ரிக்காரர் குஜராத்திக்காரர், இருபது வருசமாகக் கடை நடத்துகிறவர். அவரிடம் போய்ப் பழைய பால் போத்தலை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் வைக்க வேண்டும் என்று இவர் விளங்கப்படுத்தினார். டெய்ரிக்காரர் மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டு, முன்னுக்கு இருந்த மிகப் பழைய போத்தலை எடுத்து அவர் கையில் கொடுத்து அனுப்பினார். அதை நான் கண்ணால் கண்டேன். அன்று முழுக்க எனக்கு நல்ல சந்தோசம்.

அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா பேசுவது குறைவு. பேசினாலும் அவர் அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்து விடுவார், தமிழிலிருந்து தமிழுக்கு. "சோறு வெந்திட்டுது" என்று அக்கா குசினிக்குள்ளிருந்து சொல்வார். "அவ சொல்லுறது என்னெண்டால், சாப்பிட வரட்டாம்" என்று இவர் எங்களுக்குச் சொல்வார். முதலில் பகிடி என்றுதான் நினைத்தோம். பகிடி இல்லை. அக்கா சொன்னது எங்களுக்கு விளங்கியிருக்காது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

நல்லதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என்னை வாய்க்காரி என்பீர்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்து இறங்கிய சனத்தை விமான நிலையத்திலிருந்து தன் காரில் ஏற்றி வந்தவர் அவர்தான். கம்பளி கொடுத்தார், வீடு பிடித்துக் கொடுத்தார், விசாக் காரியமாகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். ஆனால் வழி முழுக்க வாய் மூடமாட்டார். கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தின் அதிபராக இருந்த அம்மா ஒருவரை ஒருமுறை கூட்டிவந்து, வாடகை வீட்டு வாசலில் நிறுத்தி, கதவுப் பிடியை எந்தப் பக்கம் திருகவேண்டும் என்று காட்டினார். அந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, கதவு திறக்கத் தெரியாமலோ நான் எரியிற வீட்டுக்குள்ளை இருந்து வெளியிலை வந்தனான்?"

வேறு ஒருவர் என்றால் அந்த இடத்திலேயே கூனிக் குறுகிப் போயிருப்பார். இவர் சிரித்துக்கொண்டு, "அப்ப நல்லதாப் போச்சு. பூட்டுறதை மட்டும் காட்டிவிடுறன்" என்றார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு நாட்டுக்கே ஜனநாயகத்தை விளங்கப்படுத்துகிற வேலை கிடைத்தது.

பசிபிக் கடலில் ஒரு சின்ன நாடு. பெயர் வேண்டாம். சுதந்திரம் கிடைத்துக் கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. பணக்கார நாடுகள் சில சேர்ந்து அங்கே தேர்தலையும் நல்லாட்சியையும் வளர்க்க உதவிப்பணம் கொடுத்தன. அந்தப் பணத்தில் பெரும்பகுதி அந்த நாட்டுக்குப் போகவில்லை, ஆக்லாந்தில் இருந்த ஒரு ஆலோசனைக் கம்பனிக்கு வந்தது. அந்தக் கம்பனியில் இவர் தேர்தல் ஆலோசகர். கச்சேரியில் தேர்தல் பகுதியில் இருந்த அனுபவமாம். "அது குழந்தைப்பிள்ளை நாடு. நாங்கள்தான் கையைப் பிடிச்சு நடத்தவேணும்" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் குழந்தைப்பிள்ளை நாட்டுக்காரி ஒருத்தி எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தாள். செலீனா. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நாற்பது வயது, பெரிய குரல், அவள் சிரித்தால் வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் சிரிப்பு வரும். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். அவள் சொன்னதை என் வாய்த் தமிழிலேயே இங்கே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் ஞாபகம் வருகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அவளோடு மீன் பொரியல் கடைக்குப் போனேன். அவள் என்ன மீன் என்று கேட்டாள். லெமன் பிஷ் என்றான் கடைக்காரன். அது வேண்டாம் என்று உருளைக்கிழங்கை மட்டும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெயரில் இங்கே விற்பது ஒரு சின்னச் சுறா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"சுறா எங்கடை குலத்துக்கு முப்பாட்டன். தின்னமாட்டம், காயப்படுத்தமாட்டம். நீ உன்ரை பாட்டனைப் பொரிச்சுத் தின்னுவியோ?"

எங்களுக்குச் சுறா என்றால் தேங்காய்ப்பூப் போட்டுக் கிளறுகிற வறை. இருந்தாலும் எனக்கு அதில் விளங்காத ஒன்றும் இல்லை. நாங்களும் எத்தனையைக் கும்பிடுகிறோம், எத்தனையைத் தொடமாட்டோம் என்கிறோம். அதன் பிறகு அவள் வருகிற நாளில் எங்கள் வீட்டில் சுறா சமைப்பதில்லை.

தேர்தல் வந்தபோது செலீனா சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்ப் போட்டியிடுவது என்று முடிவெடுத்தாள். காரணம் ஒன்றுதான். அவளுடைய தீவில் மலைக்காடு ஒன்று இருந்தது. ஊர் குடிக்கிற ஓடை அந்தக் காட்டிலிருந்து வருவது. வெளிநாட்டு மரக் கம்பனி ஒன்று அந்தக் காட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது, அப்போதைய எம்.பி. கையெழுத்து வைக்கத் தயாராக இருந்தான். திரும்பவும் அவன் வந்தால் காடு போய்விடும். செலீனாவின் குலத்தார்தான் அந்தத் தொகுதியில் அதிகம். அவர்கள் எல்லோரும் அவள் பக்கம். அவள் வெல்வதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

நான் அப்போது நியூ லின்னில் ஒரு அச்சகத்தில் வேலை. எழுத்தையும் படத்தையும் அளவாக வெட்டி அட்டையில் ஒட்டுவது என் பொறுப்பு, அதற்குப் பிறகுதான் பிளேட் எடுத்து அச்சுக்குப் போகும். அந்த நாட்டு வாக்குச்சீட்டு அடிக்கிற வேலை எங்கள் அச்சகத்துக்கு வந்தது. மாதிரியைக் கொண்டுவந்தவர் இவரேதான். என்னைக் கண்டதும் அவருக்குப் பெரிய சந்தோசம். விளங்கப்படுத்த ஆள் கிடைத்துவிட்டது.

"இஞ்சை பார் தங்கச்சி. எங்கடை ஊரிலை யானை, கதிரை, சைக்கிள், குடை எண்டு சின்னம் வைச்சு நடத்தினனாங்கள். வாசிக்கத் தெரியாத சனமும் படத்தைப் பாத்துப் புள்ளடி போடும். அங்கை யானை இல்லை. அதாலை சுறா, ஓடம், தென்னை எண்டு மாத்தியிருக்கிறன். உள்ளூர்க் கலாசாரம். சீட்டுக் குலுக்கிக் குடுத்தாச்சு."

வேட்பாளர்களின் பெயர்கள் எங்கே என்று கேட்டேன். பெயர் போட்டால் அதுகள் குழம்பிப்போகுமாம்.

"அங்கை எல்லாரும் வாசிப்பினமாம் அண்ணை. பரம்பரை பரம்பரையா மிஷன் பள்ளிக்கூடம், வீட்டுக்கு வீடு பைபிள் இருக்காம். பக்கத்து வீட்டு செலீனா சொன்னவ."

"ஒரு ஆள் வாசிக்கிறதும் ஒரு நாடு வாசிக்கிறதும் ஒண்டில்லைத் தங்கச்சி."

எங்கள் நாட்டு வாக்குச்சீட்டில் சின்னத்துக்குப் பக்கத்தில் வெறும் கட்டம் ஒன்று இருக்கும், அதற்குள்தான் புள்ளடி என்கிற பெருக்கல் குறியைப் போடவேண்டும். இதில் அந்தக் கட்டத்தையும் காணவில்லை. மூன்று பெரிய படங்கள் மட்டும்தான்.

"கட்டம் எங்கை, படம் எங்கை எண்டு அதுகள் தடுமாறுங்கள். அதாலை படத்துக்கு மேலையே போடச் சொல்லியிருக்கிறன். எளிமை! அதுதான் முக்கியம். விளங்குதோ?"

எனக்கு விளங்கியது. சீட்டுக் குலுக்கியதில் செலீனாவுக்குக் கிடைத்தது சுறா. போனில் செய்தி வந்த அன்று, முப்பாட்டனே என்னைத் தேடி வந்துவிட்டார் என்று வேலியடியில் நின்று ஆடினாள். இப்போது அவளுடைய சனம் முழுக்க அந்த முப்பாட்டனின் உடம்புக்கு மேல் குறுக்கும் மறுக்குமாகப் பென்சிலால் கீறவேண்டும். வேலை முடிந்ததும் ஓட்டமாகப் போய் அவளிடம் சொன்னேன். அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"போடமாட்டினம்," என்றாள். "சத்தியமாப் போடமாட்டினம்."

அடுத்த சனிக்கிழமை இருவரும் பக்குரங்காவில் அவர் வீட்டுக்குப் போனோம். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். செலீனா நிதானமாக, மரியாதையாக, தன் சனத்துக்குச் சுறா யார் என்று சொன்னாள். அந்த மனிதர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சுறாவோ? நாங்கள் அதை வறுத்தெல்லோ தின்னுறம்!" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தேர்தல் என்றால் என்ன, பாராளுமன்றம் என்றால் என்ன என்று படம் கீறத் தொடங்கினார். வேட்பாளருக்கு. கணக்கு ஆசிரியைக்கு.

"எனக்குத் தேர்தல் தெரியும்," என்றாள் செலீனா. "நான் கேக்கிறது ஒண்டே ஒண்டு. படத்துக்குப் பக்கத்திலை ஒரு கட்டம் போடுங்கோ. என்ரை சனம் அதுக்குள்ளை போடும்."

"அண்ணை, இன்னும் பிளேட் எடுக்கேல்லை," என்றேன் நான். "திங்கள் காலமை போனதும் நானே ஒட்டிவிடுவன். ஒரு மணித்தியால வேலை."

அவருடைய முகம் மாறியது. "ஒரு வேட்பாளர் வீட்டுக்கு வந்து கேட்டு வாக்குச்சீட்டை மாத்தினால் அதுக்கு என்ன பேர் தெரியுமோ? ஊழல். உதை நிப்பாட்டத்தான் நாங்கள் அங்கை போறம். காசு குடுக்கிற நாடுகள் எல்லாம் இந்த மாதிரியை ஒப்புக்கொண்டாச்சு. இனி ஒரு கோடு மாத்தேலாது."

அப்போது அக்கா வாயைத் திறந்தார். தமிழில்தான் சொன்னார். "பக்கத்திலை ஒரு கட்டம் போட்டால் என்ன குறைஞ்சிடும்? அந்தப் பிள்ளை கேக்கிறது நியாயம்தானே."

செலீனா அக்காவைப் பார்த்தாள். "அவ சொல்லுறது என்னெண்டால்," என்றார் அந்த மனிதர் ஆங்கிலத்தில், "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோவாம்."

எனக்கு அந்தத் தேத்தண்ணியை எடுத்து அவர் தலையில் ஊற்றலாம் போல இருந்தது. அக்கா குசினிக்குள் போய்விட்டார். வரும் வழியில் பஸ்ஸில் வைத்து அக்கா உண்மையில் சொன்னதைச் செலீனாவுக்குச் சொன்னேன்.

திங்கட்கிழமை முதலாளியிடமும் கேட்டுப் பார்த்தேன். வாடிக்கையாளர் கையெழுத்து வைத்த மாதிரியில் கை வைக்கமுடியாது என்றார். கட்டம் இல்லாமலே அச்சாகிக் கப்பலில் போனது.

தேர்தல் முடிந்து செலீனா திரும்பி வந்தபோது இளைத்துப் போயிருந்தாள். தோற்றுவிட்டாள். மரக் கம்பனியின் ஆளான அந்தப் பழைய எம்.பி.க்குக் கிடைத்தது ஓடம். ஓடம் யாருக்கும் முப்பாட்டன் இல்லை, அதனால் அவனுடைய ஆட்கள் சங்கடமில்லாமல் கீறிவிட்டு வந்தார்கள். செலீனாவின் ஊரில் வாக்குப்போடுகிற நாளுக்கு முன் பெரியவர்கள் கூடிப் பேசினார்களாம். வாக்கையும் போடவேண்டும், சுறாவையும் கீறக்கூடாது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேண்டாத இரண்டையும் வெட்டிவிடுவது. ஓடத்தின் மேல் ஒரு புள்ளடி, தென்னையின் மேல் ஒரு புள்ளடி. சுறா மட்டும் சுத்தமாக நீந்தட்டும்.

பெட்டியைத் திறந்தபோது கட்டுக்கட்டாக அப்படியே வந்திருக்கிறது. எண்ணிக்கொண்டிருந்த உள்ளூர் அதிகாரி, இது சுறாவுக்கு விழுந்த வாக்குத்தானே என்று ஆலோசகரிடம் கேட்டானாம். ஆலோசகர் அவனை உட்காரவைத்து விளங்கப்படுத்தினார். ஒரு சீட்டில் ஒரு புள்ளடி. இரண்டு இருந்தால் செல்லாது. எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் ஒதுக்கச் சொன்னார், ஒதுக்கினார்கள்.

"நீ அவையளிட்டைச் சொல்லேல்லையோ, பரவாயில்லை, சுறாவிலை போடுங்கோ எண்டு?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் போனன். ஒரு கிழவர் கேட்டார், உன்னைப் பெரியாளாக்க நாங்கள் பாட்டனை வெட்டவேணுமோ எண்டு. அதுக்குப் பிறகு நான் என்னத்தைச் சொல்ல?"

"நீ? நீ எப்பிடிப் போட்டனீ?"

"எனக்கு எல்லாம் தெரியும். ரெண்டு போட்டால் செல்லாது எண்டும் தெரியும். பென்சிலைச் சுறாவுக்கு மேலை கொண்டுபோனன். கை போகேல்லை. நானும் மற்ற ரெண்டையும்தான் வெட்டினன்." அதைச் சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

அந்த வருசமே மரம் தறிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓடையில் சேறு வருகிறது, மழைத்தண்ணி பிடித்துக் குடிக்கிறோம் என்று அவளுடைய தங்கை போனில் சொன்னாள். ஆலோசகரோ, அந்த நாட்டில் செல்லாத வாக்குகள் ஏராளம், சனத்துக்கு விளக்கம் போதாது, வாக்காளர் கல்விக்கு இன்னும் ஒரு திட்டம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். பணக்கார நாடுகள் உடனே சம்மதித்தன. இரண்டாவது திட்டத்துக்கும் அவர்தான் ஆலோசகர். இதைக் கேள்விப்பட்ட அன்று நான் ஒரு தேங்காயை அடித்த அடியில் அது மூன்றாகப் போனது.

அடுத்த தைப்பொங்கலுக்கு மவுண்ட் ரோஸ்கிலில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்திருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாளே என்று செலீனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். போன பிறகுதான் தெரிந்தது, சாப்பாட்டுக்கு முன் அவருடைய சிலைட் காட்சி. திரும்பிப் போவோமா என்று கேட்டேன். இருப்போம் என்றாள்.

கடற்கரை, பெட்டிகள், வரிசையில் நிற்கும் சனம் என்று படங்கள் போயின. அவர் தமிழில் பேசிக்கொண்டே வந்தார். பிறகு திரையில் ஒரு வாக்குச்சீட்டு விழுந்தது. முத்திரை வைத்துப் பூட்டிவைக்கவேண்டிய சீட்டை இவர் எப்படிப் படம் பிடித்தார் என்பது அவருக்கே வெளிச்சம். ஓடத்தின் மேல் ஒரு புள்ளடி, தென்னையின் மேல் ஒரு புள்ளடி. பக்கத்தில் செலீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப ஒரு பகிடி," என்றார் அவர். "அந்தச் சனத்தின்ரை நிலைமையைப் பாருங்கோ. இந்த ஆள் ஆருக்கு வாக்குப் போட்டிருக்கிறார்? ஆராலையும் சொல்லேலுமோ பாப்பம்?"

சபை சிரிக்கும் என்று காத்துக்கொண்டு நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த கிழவிகள், பின்னால் கரண்டியும் கையுமாக நின்ற பெண்கள், என் கணவர், எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"சுறாவுக்கு!"

"ஷார்க்! ஷார்க்!" என்று தமிழ் பேசாத பிள்ளைகள் கத்தின.

"பிழை," என்றார் அவர். "ஒருத்தருக்கும் இல்லை. இது செல்லாது. ஏனெண்டால்..." என்று திரைக்குப் பக்கத்தில் போய், கையிலிருந்த தடியால் காட்டிக் காட்டித் தொடங்கினார்.

செலீனா என் கையைப் பிடித்தாள். "பிள்ளையள் ஷார்க் எண்டு சொன்னது விளங்கிச்சுது. பெரியாக்களும் அதையேதானோ சொன்னவை?"

"ஓம். எல்லாரும் அதையேதான்."

"ஒராளும் மாறிச் சொல்லேல்லையோ?"

"இல்லை."

அவள் அந்த மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"அப்ப அண்டைக்கு இவையளை வாக்கு எண்ண விட்டிருக்கலாம்," என்றாள்.